எடிட்டிங் கடைசியில் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுப் பெரியவர்களின் நினைவையும் ஊர் வரலாற்றையும் சேர்த்து மூன்று நிமிட வீடியோ தயாரிக்கும் ப்ராஜெக்டுகள் பள்ளிகளில் தரப்படுகின்றன. நல்ல வேலைதான். ஆனால் பிள்ளைகள் முதல் நாளே எடிட்டிங் ஆப்பைத் திறந்து எழுத்துகளைச் சுழலவிடுகிறார்கள். உள்ளே சரக்கு இருக்காது. பேசப்போவதை எழுதி முடிக்கும்வரை ஆப்பைத் தொடக் கூடாது என்று ஆசிரியர்கள் கறாராகச் சொல்ல வேண்டும். மூன்று நிமிடத்துக்கு 250 சொல் போதும். அதற்கு மேல் போனால் வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும்.

பாட்டியிடம் "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சுப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "வைகையில எந்தப் பக்கம் குளிக்கப் போவீங்க, கூட யாரு வருவா?" என்று கேட்டால் தானாக வரும். "அணை கட்டினதும் ஆத்துல தண்ணி நின்னுபோச்சு" என்கிறாரா? அப்படியே பதிவு செய்யட்டும். பிறகு கணக்குப் போடட்டும்: வைகை அணை திறந்தது 1959-இல். பாட்டி 1962-இல் பிறந்தவர் என்றால் அது அவர் கண்டதல்ல, கேட்டது. அதற்காக வெட்டிவிட வேண்டாம். "அம்மா சொல்லிக் கேட்டது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆறு வறண்டதற்கு அணை மட்டும்தான் காரணமா, மணல் அள்ளியதும் சேர்ந்ததா என்ற கேள்வியோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். அணைக்கு முந்தைய நிலையை அறிய 1906-ஆம் ஆண்டு மதுரை கெசட்டியர் (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரநூல்) உதவும்.

படத்தைவிட ஒலிதான் அதிகம் கெடுகிறது. மின்விசிறியை நிறுத்தி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். பாட்டியின் குரல் அமுங்கிவிடும், காப்புரிமைச் சிக்கல் வேறு.

பழைய போட்டோவைச் சட்டத்தோடு எடுத்தால் எடுப்பவர் முகமும் கண்ணாடியில் விழும். கழற்றி எடுப்பது நல்லது. ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்கக் கூடாது, உரிந்துவிடும். அப்போது சட்டத்தோடே, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, போனுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணி பிடித்தால் பிம்பம் மறையும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால்தான் தெளிவு குறையாது.

பேசியவருக்கு முழு வீடியோவையும் போட்டுக் காட்டி, அவர் சரி என்ற பிறகே பள்ளியின் யூடியூபில் ஏற்ற வேண்டும். சொந்தக்காரர் பெயர், சொத்துத் தகராறு எல்லாம் பேச்சுவாக்கில் வந்திருக்கும்.

— ஓர் ஆசிரியர், செல்லூர், மதுரை