கூலியில் இருப்பது வேறுபாடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, ஆண், பெண் கூலி பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். கருத்தெல்லாம் சரி, ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ‘கூலி வேறுபாடு’ என்றே எழுதியிருக்கிறீர்கள். மாமரத்துக்கும் புளியமரத்துக்கும் இருப்பது வேறுபாடு, அதில் யாருக்கும் நட்டமில்லை. ‘ஏற்றத்தாழ்வு’ என்றால்தான் ஒருவர் மேலேயும் இன்னொருவர் கீழேயும் நிற்பது அந்தச் சொல்லிலேயே தெரியும். 1978இல் 44ஆவது திருத்தத்தின் வழியாக நம் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 38(2) பிரிவு, வருமான ஏற்றத்தாழ்வைக் குறைக்கவும், தகுதிநிலையிலும் வசதி வாய்ப்புகளிலும் உள்ள ஏற்றத்தாழ்வை ஒழிக்கவும் அரசு முயல வேண்டும் என்கிறது. வெறும் வேறுபாட்டை எதற்கு ஒழிக்க வேண்டும்?

என் அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்தபோது, தெருவிலிருந்து படியேறி, முகப்பு, வளவு எல்லாம் தாண்டி இரண்டாம் கட்டு வரைக்கும் அம்மாவும் ஆண்களோடு சேர்ந்து அதே சட்டியில் அதே சுண்ணாம்புக் கலவையைத்தான் சுமந்தார், சனிக்கிழமை சம்பளத்தில் மட்டும் குறைந்தது. கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதில், “ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் வித்தியாசம் இருக்குல்ல?” அந்த ‘வித்தியாசம்’ என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு அம்மாவால் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை. சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. கூலி, நிலம், சாதி பற்றிய செய்திகளிலாவது, குறைந்தபட்சம் தலைப்பில், ‘ஏற்றத்தாழ்வு’ என்றே அச்சிடும்படி செய்திப் பிரிவினரிடம் தாங்கள் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகர், காரைக்குடி