நிறையோடு இடுப்பையும் அளக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த உடற்திணிவுச் சுட்டி (BMI) அட்டவணையைப் பற்றி எழுதுகிறேன். நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் நிறையைப் பிரித்து, வரும் எண் 18.5க்கும் 25க்கும் இடையில் இருந்தால் கவலை வேண்டாம் என்று போட்டிருந்தீர்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 25 நமக்கு மிகவும் தாராளமான எல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற இரண்டு எண்களையும் சேர்த்துக் கவனிக்கச் சொன்னது. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது ஏறத்தாழ 62.5 கிலோ. உங்கள் அட்டவணையோ 68 கிலோ வரும்வரை அவரை நிம்மதியாக நித்திரை கொள்ள விடுகிறது.

இந்தச் சுட்டியின் கணக்கு 19ஆம் நூற்றாண்டுப் பெல்ஜியப் புள்ளியியலாளர் கெற்றலேயுடையது. அவர் வைத்தியர் அல்லர். அதற்கு இன்றைய பெயர் கிடைத்ததும் 1972இல்தான். ஒரு நாட்டின் பெரும் சனத்தொகையை மேலோட்டமாகப் பார்க்க அது நல்ல கருவி. ஒரு தனி ஆளின் உடம்பில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

இதை ஒரே படத்தில் காட்டியவர்கள் இரண்டு வைத்தியர்கள். பூனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த யட்கின். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் 2004இல் லான்செற் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் சுட்டி ஒன்றுதான், 22.3. உங்கள் அட்டவணைப்படி இருவரும் சித்தியடைந்தவர்கள். உடற்கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம்! யாஜ்னிக் குழுவினர் பூனேப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அளந்தார்கள். அங்கே சராசரிப் பிறப்பு நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ரனில் 3.5 கிலோ. பூனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்த்தால் மெலிவு, உள்ளே கொழுப்பு என்கிற இந்த உடல்வாகு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

நம் ஊரில் இப்படிப்பட்ட ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கையும் காலும் குச்சி, சேட்டின் நடுப் பொத்தான் மட்டும் இழுபடும். "வண்டி கொஞ்சம் வைச்சிட்டுது" என்று சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் சொந்தக்காரரோ, "என்ன நல்லா மெலிஞ்சு போனாய்" என்று இரண்டு நாளைக்கு இறைச்சியும் கணவாயும் சமைக்கச் சொல்லுவார். வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் நீரிழிவோடும் இதய நோயோடும் அதிகம் சேர்ந்து வருவது. அதைத் தராசு காட்டாது. தையல்காரரின் அளவுநாடா ஓரளவு காட்டும்.

தெற்காசியருக்குச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வைத்த இடுப்புச் சுற்றளவு எல்லை ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. எங்கே அளப்பது என்பதில்தான் எங்கள் ஆண்கள் கள்ளம் செய்வார்கள். காற்சட்டையை வயிற்றுக்குக் கீழே கட்டிக்கொண்டு "எனக்கு இடுப்பு முப்பத்திரண்டு" என்பது அளவே அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நேரத்தில் பார்க்க வேண்டும்.

காற்சட்டை அளவு என்றதும் இன்னோர் ஆய்வைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் இருப்பவன் என்பதால் எனக்கு இந்த ஆய்வில் தனிப் பிரியம். லண்டனின் இரண்டு தட்டு பஸ்களில் வேலை செய்த சாரதிகளையும் நடத்துநர்களையும் ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர் ஒப்பிட்டார். 1953இல் முடிவு வந்தது. இருந்த இடத்தில் இருந்து ஓட்டிய சாரதிகளைவிட, நாளுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. பிறகு சீருடைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். சாரதிகளின் காற்சட்டை இடுப்பு பெரிது. அப்படியானால் கொழுத்தவர்கள்தான் சாரதி வேலைக்குப் போனார்களா, அதனால்தான் நோயா என்று சந்தேகம் வருமல்லவா? மொறிஸ் அதையும் விடவில்லை. ஒரே உடல்வாகு உள்ளவர்களை எடுத்துப் பார்த்தாலும், மெலிந்தவரோ பருத்தவரோ, நடத்துநர்களுக்கே நோய் குறைவாக இருந்தது. ஆக, நிறை குறையாவிட்டாலும் உடம்பை அசைப்பதற்குப் பலன் உண்டு. மொறிஸ் 99 வயது வரை இருந்தார்.

எங்கள் மினிபஸ் நடத்துநர்களை யாராவது அளந்தால் நல்லது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கக் கத்துவதும் வேலைதான்.

இப்போது என் உண்மையான ஆதங்கத்துக்கு வருகிறேன். நம்மை அளக்கவில்லை. இலங்கையில் நீரிழிவு எவ்வளவு என்று கேட்டால் எல்லாரும் தூக்கிக் காட்டுவது 2005, 2006இல் நடந்த பெரிய ஆய்வை. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு, அதில் மூன்றிலொரு பங்கினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது என்றது அது. ஆனால் அது ஏழு மாகாணங்களின் கணக்கு. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. காரணம் நியாயமானதுதான், ஆய்வாளரை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த எண்ணை நாடு முழுவதற்குமானது போல நம் மேடைகளிலும் படிக்கிறார்கள்.

இதை இன்னும் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில். படித்தவர், படிக்காதவர், உத்தியோகத்தர், வியாபாரி எல்லாருக்கும் சைக்கிள்தான். பின் கரியரில் விறகு, முன் பாரில் பிள்ளை, எதிர்க்காற்றில் கைதடி வெளி. அதே நேரத்தில் பூமியின் மறுபக்கம் கியூபாவில், சோவியத் உதவி நின்றுபோய் எரிபொருளும் உணவும் தட்டுப்பட்டன. அரசு சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள்களை இறக்கிக் கொடுத்தது. அங்கே மட்டும் ஆய்வாளர்கள் சியன்ஃபுவேகோஸ் நகர மக்களை 1991, 1995, 2001, 2010 என்று திரும்பத் திரும்ப அளந்தார்கள். ஐந்து ஆண்டுகளில் சராசரி நிறை 5.5 கிலோ குறைந்திருந்தது. நாட்டில் நீரிழிவாலும் மாரடைப்பாலும் ஏற்படும் சாவுகளும் இறங்கின. பொருளாதாரம் தேறியது, நிறை திரும்பி வந்தது, பின்னாலேயே நீரிழிவும் வந்தது. 2013இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இதெல்லாம் வந்தபோது உலகமே பேசியது.

தடை நல்லது என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. அதே கியூபாவில் 1992, 1993இல் 50,000க்கு மேற்பட்டோருக்குக் கண்நரம்பும் கைகால் நரம்புகளும் பாதிக்கப்பட்டன, சத்துக் குறைவுதான் முக்கிய காரணம். இங்கே பால்மாவுக்காகவும் மருந்துக்காகவும் பட்ட பாட்டை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் சொல்வது வேறு. கியூபர்கள் பட்ட துன்பத்திலிருந்து ஒரு பாடமாவது பதிவாகியது. யாழ்ப்பாணத்துக்கு அப்படித் தொடர்ந்து எடுத்த அளவு இல்லை. 2009க்குப் பிறகு ஏ9 வீதி வழியே லீசிங் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தபோதும் அளக்கவில்லை. 2022இல் பெற்றோலுக்காகக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்று களைத்துப்போய், தூசி தட்டிச் சைக்கிளை எடுத்தோமே, அந்த மாதங்களிலும் ஒருவர் நாடாவோடு வந்திருக்கலாம்.

வயது போனவர்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும், வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை வீடுகள் இருக்கும் ஊர் இது. இவர்களுக்கு மெலிவதுதான் ஆபத்து. குறைவது கொழுப்பல்ல, தசை. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் கோப்பை நிறையச் சோறும் ஒரு துண்டு மீனும், இரவில் பிட்டு. முதியவருக்குக் கிலோ நிறைக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. சிறுநீரக நோய் முற்றியவர்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும். 50 கிலோ அம்மா ஒருவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். பருப்பு, பயறு, நெத்தலி, கீரிமீன் என்று எல்லா நேரச் சாப்பாட்டிலும் ஏதாவது சேர்ந்தால்தான் கணக்குச் சரிவரும். விரத நாட்களில் பருப்பும் உழுந்தும் கடலையும் கூட வேண்டும்.

சாப்பாடு மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும். பொஸ்ரனில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1990இல் வெளியான முடிவின்படி, கடைசிவரை நின்ற ஒன்பது பேரின் காற்பலம் சராசரியாக 174 வீதம் கூடியிருந்தது. நாம் என்ன செய்கிறோம்? "இருங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன்" என்று அன்பாலேயே கதிரையில் கட்டிப் போடுகிறோம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தடவை எழும்பி இருக்கச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 15 செக்கனுக்கு மேல் பிடித்தால் காலில் பலம் குறைவு என்று ஐரோப்பிய நிபுணர்கள் கொள்கிறார்கள்.

இளசுகளுக்கும் ஒரு சொல். ஜிம்மில் வெறுங்காலோடு ஏறி நின்றதும் கொழுப்பு இத்தனை வீதம், உடலின் வயது இத்தனை என்று துண்டு தரும் இயந்திரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது சிறு மின்னோட்டத்தை விட்டு உடலில் உள்ள நீரைக் கணித்து, அதிலிருந்து மற்றதை ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தாலும், வியர்வை போனாலும் எண் மாறும். அதே இயந்திரத்தில், அதே நேரத்தில், மாதக்கணக்கில் பார்த்தால் போக்கு ஓரளவு தெரியும்.

கேட்பது இரண்டு. பல்கலைக்கழக மருத்துவ பீடமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து, சில ஊர்களில் அதே ஆட்களை ஐந்தாண்டுக்கு ஒரு தடவை அளந்து, முடிவை ஆங்கில இதழோடு நிறுத்தாமல் தமிழிலும் தர வேண்டும். உங்களிடம் கேட்பது, அந்த அட்டவணையை 23இல் ஒரு கோடு போட்டு, இடுப்பு அளக்கும் விதத்தைப் படத்தோடு சேர்த்து மறுபடி பிரசுரியுங்கள். இடம் காணாதென்றால் பக்கத்தின் அடியில் வந்த மால்ற் பான விளம்பரத்தைக் கொஞ்சம் ஒதுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கோண்டாவில்.