கிராப்பி மீனும் ஏரியின் ஓரத் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடுவது பற்றி வெளியான கட்டுரையில், ‘கிராப்பி’ என்பது நம் ஊர் சிலேபியின் இனம் என்றும், வசந்த காலத்தில் கரையில் எங்கே தூண்டிலைப் போட்டாலும் அது சிக்கும் என்றும் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் சரியல்ல. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரைக்கால் சட்டை போட்ட வயதிலிருந்தே ரெட்டேரியிலும் மாதவரம் ஏரியிலும் தூண்டிலோடு உட்கார்ந்தவன். டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கும் மகள் வீட்டில் ஒருமுறை பிப்ரவரி முதல் மே வரை தங்கியிருந்தபோது, வெளியூர்க்காரருக்கான மீன்பிடி உரிமம் வாங்கிக்கொண்டு மருமகனோடு, ஆற்றில் அணை கட்டி உண்டான லாவன் ஏரிக்குப் பல சனிக்கிழமைகள் போனேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் கொண்டு இதை எழுதுகிறேன்.

கிராப்பி வட அமெரிக்காவின் நன்னீர் மீன். வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகை உண்டு. முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ணினால் வேறுபாடு தெரிந்துவிடும்: வெள்ளைக்குப் பெரும்பாலும் 5 அல்லது 6, கறுப்புக்கு 7 அல்லது 8. தட்டையான உடலைப் பார்த்துச் சிலேபி என்று நினைப்பது இயல்புதான். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, 1952-இல் இந்தியாவில் விடப்பட்ட மீன். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். கிராப்பியோ ஏரியின் அடித்தரையில் ஓரிடத்தைத் துப்புரவு செய்து முட்டையிடும். அதைக் காவல் காப்பது ஆண் மீன்.

இந்தக் காவலில்தான் வசந்த கால மீன்பிடிப்பின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. பிப்ரவரியில் நாங்கள் போனபோது கிராப்பி கரைப்பக்கம் தலைகாட்டவே இல்லை; ஏரிக்கு அடியில் பழைய ஆற்றுப் பள்ளத்தை ஒட்டி, ஆழத்தில் கூட்டமாக நின்றது. மார்ச்சில் வெயில் ஏற ஏற, ஏரிக்குள் ஓடைகள் வந்து சேரும் வாய்ப்பகுதிகளுக்கு நகர்ந்து, மூழ்கிய மரங்களை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு அடியில் காத்து நின்றது. தண்ணீரின் சூடு 16 டிகிரி செல்சியஸைத் தொட்டபோது ஆண் மீன்கள் முதலில் இரண்டு மூன்று அடித் தண்ணீருக்கு ஏறி வந்தன. பெண் மீன்கள் பின்னால் வந்தன. அந்தச் சூடு 20 டிகிரிக்குள் இருக்கும் சில வாரங்களே முட்டையிடும் காலம். இடையில் ஒரு குளிர்காற்று வந்தால் போதும், நேற்று நின்ற இடத்தில் இன்று ஒன்றும் இருக்காது. மறுபடி ஆழத்தில் போய்த் தேட வேண்டும். மருமகன் ஒரு நூலில் வெப்பமானியைக் கட்டி இறக்கிப் பார்த்த பிறகுதான் தூண்டிலைப் பிரிப்பார். அவ்வூர்ப் பெரியவர்களோ, கரையோரத்தில் ‘ரெட்பட்’ மரம் இளஞ்சிவப்பாகப் பூத்துவிட்டால் மீன் ஏறிவிட்டது என்பார்கள். பங்குனியில் வேப்பம்பூ உதிர்வதைப் பார்த்து நாம் கணக்குப் போடுவது போலத்தான்.

ஓரத் தண்ணீரிலும் எல்லா இடத்திலும் மீன் நிற்காது. வெறும் மணல் கரையில் ஒரு மணி நேரம் நின்றாலும் தக்கை அசையாது. நான்கு எட்டு தள்ளி, தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் ஒரு கட்டையின் நிழலில் அடுத்தடுத்து ஏழெட்டு மீன் வரும். இதனால் அங்கே பண்டிகை முடிந்து வீட்டுக்கு வேண்டாத கிறிஸ்துமஸ் மரங்களைக் கல் கட்டி ஏரியில் இறக்குகிறார்கள். மீன்களுக்கு அது ஒதுங்கும் இடமாகிறது. கிராப்பியின் கண் மேல்நோக்கி இருப்பதால், அது தனக்கு மேலே இருக்கும் இரையையே எழும்பிப் பிடிக்கும். ஆகவே மீன் நிற்கும் ஆழத்துக்கு ஓர் அடி மேலாகவே இரையாகச் சின்ன மீனையோ, ஈயக் குண்டு வைத்து இறகு கட்டிய தூண்டில் முள்ளையோ நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே இரை போய்விட்டால் மீன் திரும்பிப் பார்க்காது.

எனக்கு நேர்ந்த ஒரு பிசகையும் சொல்லிவிடுகிறேன். முதல் மீன் கடித்தபோது தக்கை அமிழவில்லை. நிமிர்ந்து நின்ற தக்கை பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. மீன் இரையை வாயில் வாங்கிக்கொண்டு மேலே எழும்பியதால் ஈயத்தின் கனம் தக்கைக்கு இல்லாமல் போயிருக்கிறது. இது புரியாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு விராலுக்குச் சுண்டுவது போல ஓங்கிச் சுண்டினேன். முள்ளில் காகிதம் போன்ற ஒரு சவ்வு மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. “மாமா, சுண்டாதீங்க, சும்மா தூக்குங்க. அதோட வாய் அப்பளம் மாதிரி” என்றார் மருமகன். ஐம்பது ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? அன்று இன்னும் மூன்று மீன்களை அப்படியே இழந்தேன்.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது அங்குள்ள கட்டுப்பாட்டை. டெக்சாஸின் பெரும்பாலான ஏரிகளில் ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு வகையும் சேர்த்து 25 கிராப்பி மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் குறைந்தது 10 அங்குலம் இருக்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியின் மூடியிலேயே அளவுகோல் ஒட்டியிருந்தது. அரை விரற்கடை குறைந்த மீனையும் மருமகன் தண்ணீரில் விட்டார். லேக் ஃபோர்க் என்ற ஏரியில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய இந்த விதி தலைகீழாகிறது: சிறிதோ பெரிதோ, பிடித்ததைத் திருப்பி விடக் கூடாது, 25 ஆனதும் நிறுத்திவிட வேண்டும். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே இழுத்த மீனின் காற்றுப்பை உப்பிவிடுவதால், விட்டாலும் பல மீன்கள் பிழைப்பதில்லை என்பதே காரணம். மீனின் உடம்பை அறிந்து எழுதிய விதி அது. அங்கும் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. முட்டையைக் காக்கும் ஆண் மீன் இரையைக் கண்டால் பாய்ந்துவிடும். அதை எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். ஆனாலும் அந்த வாரங்களில்தான் கரையில் கூட்டம் அதிகம்.

நம் பக்கத்திலும் இதே குறை உண்டு. மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்புளிப்பதைக் கண்டதும், அதன் மேல் தவளைத் தூண்டிலை இழுத்துக் காவல் விராலைப் பிடிப்பதைக் கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். விரால் போன பிறகு அந்தக் குஞ்சுகளில் எத்தனை தேறும்? சிலேபியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது எந்தச் சாக்கடையிலும் பெருகும். விராலுக்கும் கெண்டைக்கும்தான் கோரையும் ஓரத் தண்ணீரும் வேண்டும்.

இதைக் கருதியே இக்கடிதம். வடசென்னை ஏரிகளின் கரைகளை அழகுபடுத்தும்போது, கோரையை முழுவதும் வழித்தெடுத்து, சரிவான கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதிக்கும் வழக்கம் இருக்கிறது. நடப்பவர்களுக்கு அது வசதிதான். ஆனால் கரையிலிருந்து ஓரடி வைத்தால் ஆறடி ஆழம் என்று ஆகிவிட்டால், முட்டையிட வரும் மீனுக்கு ஏரியில் இடமே இல்லை. ஒவ்வோர் ஏரியிலும் ஒரு பக்கத்திலாவது நூறு அடி நீளத்துக்குச் சரிவையும் கோரையையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். குஞ்சோடு திரியும் விராலைப் பிடிக்கக் கூடாது என்று அங்கே ஒரு பலகையும் வைக்க வேண்டும். இதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக உரிய அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டு செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
மாதவரம், சென்னை.