கப்பன்னா யாரு தாத்தா?

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். மாமரம் இந்த வருஷம் காய்ப்பு கம்மி.

நீ அனுப்பிய வீடியோவை அம்மா பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். உங்கள் பெங்களூர் கப்பன் பார்க்கில், பால பவனில் ஓடும் புட்டாணி எக்ஸ்பிரஸ் குட்டி ரயிலில் உட்கார்ந்துகொண்டு பாப்பா, "கப்பன்னா யாரு தாத்தா?" என்கிறாள். போனில் சொன்னால் பாதியில் ஓடிவிடுவாள். நீயே படித்துக் காட்டு.

கப்பன் மைசூர் ராஜ்யத்தை வெள்ளைக்காரர்கள் ஆண்டபோது கமிஷனராக இருந்தவர். ஆனால் அந்தப் பார்க்கை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவர் இறந்தது 1861-ல். சாங்கி என்ற இன்ஜினியர் பார்க்கைப் போட்டது 1870-ல். முதலில் வைத்தது மீட் என்ற இன்னொரு துரையின் பேர். அப்புறம்தான் கப்பன். 1927-ல் மைசூர் மகாராஜாவின் ஆட்சிக்கு வெள்ளிவிழா வந்தது. அவருடைய அப்பா பேரில் சாமராஜேந்திரா பார்க் என்று மாற்றினார்கள். ஆட்டோக்காரரிடம் அந்தப் பேரைச் சொல்லிப் பார், எங்கே இறக்கிவிடுகிறார் என்று!

நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம் பார்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை. பேரே கிடையாது, டேம் பார்க்தான். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தென்பெண்ணைக்குக் குறுக்கே கட்டிய அணை, 52 அடி. இடது வலது இரண்டு கால்வாயிலும் 9,000 ஏக்கருக்கு மேல் பாயும். விவசாயத்துக்குக் கட்டியதன் காலடியில் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

உனக்கு அஞ்சு வயசு இருக்கும். பங்குனி மாசம், உச்சி வெயிலில் கூட்டிப்போனேன், என் புத்தி. சறுக்கு மரத்தின் தகரம் தோசைக்கல் மாதிரி இருந்தது. பாதி சறுக்கும்போதே நீ போட்ட சத்தத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரைத் தகரத்தில் ஊற்றி, தோள் துண்டால் மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். அப்புறம் உன்னை இறக்கவே முடியவில்லை. துடைத்த தகரம் வழவழவென்று ஆகிவிட்டது. துண்டு துருக்கறையோடு இன்னும் பீரோவில் கிடக்கிறது. உன் அம்மா இதுவரை என்னை மன்னிக்கவில்லை.

2017 நவம்பர் 29-ல் அணையின் ஷட்டர் ஒன்று உடைந்ததே, நினைவிருக்கிறதா? அன்று ராத்திரி நீ போன் மேல் போன் போட்டாய். பாய்ந்து போன தண்ணீரைக் கண்ட பயத்தைவிட, சேர்த்து வைத்தது போகிறதே என்றுதான் எங்களுக்கு வயிறு எரிந்தது. ஷட்டர்களையெல்லாம் அப்புறம் மாற்றினார்கள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. தென்பெண்ணை பிறப்பது உங்கள் பக்கம், நந்தி மலையில். வழியில் பெங்களூர்க் கழிவையும் வாங்கிக்கொண்டுதான் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு நுரையும் நாற்றமுமாக வருகிறது. அங்கிருந்து நமக்கு. பாப்பா பல் தேய்த்துத் துப்பும் தண்ணீருக்கும் இந்த டேமில் பங்கு உண்டு என்று நான் சொன்னால் உன் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஆடிப் பதினெட்டுக்கு அவசியம் வாருங்கள். பாப்பாவுக்கு வறுவல் மீனில் முள் எடுத்துத் தருவது என் பொறுப்பு. ஆனால் கிளம்புமுன் போன் பண்ணு கண்ணு. ஆற்றில் அதிகமாகத் தண்ணீர் விட்டால் தரைப்பாலம் மூழ்கிவிடும், பார்க்குக்குள் விடமாட்டார்கள். காலையிலேயே விசாரித்துச் சொல்கிறேன்.

அப்பா