குதிரைப் போட்டிப் பதிவு மென்பொருள்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
பதிவுச் செயலாளர்,
நெடுந்தூரக் குதிரையோட்டக் குழு,
பொள்ளாச்சி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: போட்டிப் பதிவு மென்பொருளுக்குக் கட்டிய சந்தா 18,500 ரூபாயைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இந்த விஷயமாக நான் உங்களுக்கு எழுதுவது இது பதினோராவது முறை. முதல் பத்தும் மின்னஞ்சல். பத்துக்கும் "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்று பதில் வந்தது. பெற்றதை ஒருவராவது படித்தாரா என்று தெரியவில்லை. அதனால்தான் இந்த முறை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

கார்த்திகையில் ஒரு வருட சந்தா கட்டினோம். உங்கள் விற்பனைத் தம்பி வீடியோ காலில் வந்து, "எண்டியூரன்ஸ்தானே சார், எல்லாம் இதிலேயே இருக்கு" என்றார். எண்டியூரன்ஸ் என்றால் நெடுந்தூரக் குதிரையோட்டம். நாங்கள் லாபத்துக்குப் போட்டி நடத்துகிறவர்கள் அல்ல. வருடத்துக்கு ஒன்று, தை மாதம், தென்னந்தோப்பு வண்டித்தடங்களில் 40 கிலோமீட்டரும் 60 கிலோமீட்டரும். இந்த முறை 27 குதிரைகள். இதற்கு என் பேரேடே போதும் என்று சொன்னேன். குழுவில் உள்ள இளைஞர்கள் கேட்கவில்லை.

முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். குதிரையின் அடையாள எண் கேட்கும் கட்டத்தில் 12 இலக்கம்தான் ஏறுகிறது. குதிரையின் கழுத்தில் வைக்கிற சிப்புக்கு 15 இலக்கம். அழைத்துக் கேட்டால், ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினார், "கடைசி மூணு நம்பரை விட்டுட்டுப் போடுங்க சார்" என்றார். ஒரே பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சிப்புகளுக்குக் கடைசி எண்கள்தானே மாறும்? நான்கு குதிரைகள் ஒரே குதிரையாகிவிட்டன. "இவர் ஏற்கனவே பதிவு செய்துள்ளார்" என்று சிவப்பில் வந்து நிற்கிறது. இவர்! அப்புறம் ஏழு வயதுக் குதிரைக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்டது. அப்போதுதான் புரிந்தது, நீங்கள் எங்களுக்கு விற்றது மனிதர்கள் ஓடும் மாரத்தானுக்குச் செய்த மென்பொருள். முகப்புப் படத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

கிளாண்டர்ஸ் சான்றிதழ் கதை இன்னும் மோசம். அது குதிரைகளுக்கு வந்து மனிதருக்கும் தொற்றும் நோய்; அது இல்லை என்பதற்குத்தான் சான்றிதழ். குதிரையின் ரத்த மாதிரி ஹரியானாவில் ஹிசார் வரைக்கும் போய்ப் பரிசோதனையாகி வருகிறது. அந்தத் தாள் இல்லாத குதிரையை நாங்கள் மைதானத்துக்குள் விடுவதில்லை. உங்கள் பக்கத்தில் அதை ஏற்ற இடமே கிடையாது. "ஓடுவதற்கு உடல்தகுதிச் சான்று" என்ற இடத்தில் ஏற்றினால், எம்.பி.பி.எஸ். மருத்துவரின் பதிவு எண் கேட்கிறது.

சரி, இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். போட்டி நாளன்று நடந்ததை என்னால் பொறுக்க முடியாது.

மாரத்தானில் கோட்டைத் தாண்டினால் கடிகாரம் நின்றுவிடும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்று முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைப் பரிசோதிக்கும் இடத்துக்கு வெட் கேட் என்று பெயர். குதிரை அங்கே வந்து சேர்ந்த பிறகும் கடிகாரம் ஓடும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்கி, 15 நிமிடத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காட்டிய நிமிடத்திலிருந்துதான் ஓய்வு நேரம் தொடங்கும், எங்கள் போட்டியில் 40 நிமிடம். எண்டியூரன்ஸ் என்று பெயர் போட்டு விற்கிறவர்களுக்கு இது தெரியாதா?

செவலைப் பெட்டை ஒன்று முதல் சுற்று முடித்து 7:12க்கு வந்தது. துடிப்பு 76. சேணத்தைக் கழற்றி, கழுத்திலும் முன்னங்கால் நடுவிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வழித்து, மறுபடி ஊற்றி, 7:23க்குக் காட்டினார்கள். துடிப்பு 60. அப்படியென்றால் கிளம்ப வேண்டியது 8:03. உங்கள் திரை 7:52 என்றது! வந்து சேர்ந்த நேரத்திலிருந்தே ஓய்வைக் கணக்குப் போட்டிருக்கிறது. 7:52 ஆனதும் "தாமதம்" என்று சிவப்பில் மின்னத் தொடங்கிவிட்டது. ஓட்டிய பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, முதல் போட்டி. பயந்துபோய், புல் தின்றுகொண்டிருந்த குதிரையின் வாயிலிருந்து புல்லைப் பிடுங்கிவிட்டு வார் இறுக்கினாள். கால்நடை மருத்துவர் ஓடிப்போய்த் தடுத்தார். அதற்குமுன் மூன்று குதிரைகள் இப்படியே சீக்கிரம் கிளம்பிப் போயிருந்தன.

உங்கள் 24 மணிநேர உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் பெயர் சொல்லவில்லை. நான் பதறிக்கொண்டு சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அப்புறம், "முன்னே பின்னே பத்து நிமிஷம்தானே சார், குதிரை என்ன கேஸா போடப் போகுது?" என்றார்.

குதிரை போடாது. நான் போடுவேன்.

மீதிப் போட்டியை நான் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி நடத்தினேன். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. நகல் இணைத்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு உங்கள் மென்பொருள் யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் முடிவுகளை அனுப்பிவிட்டது. 60 கிலோமீட்டரில் முதலில் கோட்டைத் தாண்டிய குதிரை கடைசிப் பரிசோதனையில் நொண்டியதால் விலக்கப்பட்டது. அதற்குத்தான் "வாழ்த்துகள், நீங்களே வெற்றியாளர்!" என்று போயிருக்கிறது. உண்மையில் வென்றவர் என்னோடு இன்னும் பேசுவதில்லை.

நேரில் பேசினால் தீரும் என்று நம்பி, கோவையில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி உங்கள் சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு வந்தேன். சென்ட்ரலிலிருந்து ஆட்டோவுக்கு மட்டும் 700 ரூபாய். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம். பிறகு ஒரு தம்பி இறங்கி வந்து, "இது டெவலப்மென்ட் ஆபீஸ் சார், சப்போர்ட் டீம் பெங்களூர்ல இருக்கு, ஆப்லயே டிக்கெட் போடுங்க" என்றார். போட்டால் ஓடிபி கேட்கிறது. அது பொள்ளாச்சியில் இருக்கும் எங்கள் குழுப் பையனின் போனுக்குப் போகிறது. அவன் அப்போது வகுப்பில். அன்று முழுவதும் என்னை மனிதனாக மதித்தவர் உங்கள் காவலாளி ஒருவர்தான். டீ வாங்கிக் கொடுத்தார்.

சந்தா 18,500, பயணச் செலவு 3,400. இதோடு நஷ்டம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் அடுத்த வருடம் வரமாட்டோம் என்கிறார்கள். எங்கள் பெயருக்கு விழுந்த அடியைச் சேர்த்தால் மூன்று லட்சத்துக்குக் குறையாது. இந்தப் பகுதியில் குதிரையேற்றத்தையே பத்து வருடம் பின்னால் தள்ளிவிட்டீர்கள்.

ஆனாலும் தன்மையாகவே கேட்கிறேன். சந்தாப் பணமும் பயணச் செலவும் 15 நாட்களுக்குள் வரவேண்டும். முடிவுகள் தவறு என்று கலந்துகொண்ட எல்லோருக்கும் நீங்களே எழுதவேண்டும். சிரித்தவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும். மென்பொருளைத் திருத்துவதாக இருந்தால் எங்கள் கால்நடை மருத்துவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தரத் தயார், காசு வேண்டாம். எதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்துவிட்டு, கோவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். எனக்கு வேறு வேலை இல்லை, ஓய்வு பெற்றவன்.

இப்படிக்கு,
பதிவுச் செயலாளர்

பின்குறிப்பு: "உங்கள் ஓட்டப்பந்தய அனுபவம் எப்படி இருந்தது?" என்று அந்தச் செவலைப் பெட்டையின் பெயருக்கு வாரம் இரண்டு குறுஞ்செய்தி என் எண்ணுக்கு வருகிறது. முதலில் அதை நிறுத்துங்கள்.