முக்காலியை மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே எடுங்கள்

மதிப்பிற்குரிய முதலாளி ஐயாவுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். பட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடை வாசலில் 'விற்பனைப் பெண்கள் தேவை' போர்டு மறுபடியும் ஏறியிருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் ஆள் எடுப்பதும், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பாமல் போவதும் வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இந்த மாதச் சம்பளத்தில் எங்கள் பிரிவுப் பெண் ஒருத்திக்கு, வேலை நேரத்தில் உட்கார்ந்தாள் என்று அபராதம் பிடித்திருக்கிறீர்கள். மத்தியானம் மூன்று மணி, கவுண்டரில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. புடவைக் கட்டின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். கேமராவில் பார்த்துவிட்டு மாடியிலிருந்து போன் வந்தது.

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பணியாளர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம் என்கிறது அது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடி வாங்கியது. நீங்களும் முக்காலிகள் வாங்கினீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. தொழிலாளர் துறையிலிருந்து ஆள் வருகிற அன்று அவை கவுண்டருக்குப் பின்னால் வரும். மற்ற நாளெல்லாம் மாடிப்படிக்கு அடியில், ஒன்றின் மேல் ஒன்றாக.

காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால், சாப்பாட்டு நேரம் போக, இரவு ஒன்பதரை வரை நிற்கிறோம். (சட்டம் சொல்லும் எட்டு மணி நேரத்தைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.) ஹாஸ்டலுக்குப் போனதும் வெந்நீர் வாளியில் கால் வைக்க வரிசை. முழங்காலுக்குப் பின்னால் நரம்பு நீலமாக முடிச்சுப் போட்டிருப்பதை யூனிஃபார்ம் புடவை மறைத்துவிடுகிறது. உட்காருவதற்காகவே கழிப்பறைக்குப் போகிறோம் ஐயா. அதற்கும் நேரம் குறிக்க ஒரு நோட்டு வைத்துவிட்டீர்கள்.

வாசலில் பட்டுடுத்தி நிற்கும் பொம்மைக்குக்கூட முதுகில் ஒரு கம்பி கொடுத்திருக்கிறீர்கள்.

போன மாதம் கடை திறப்பதற்கு முன் ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தீர்கள். 'நிறுவனத்தை உங்கள் குடும்பமாக நினையுங்கள்' என்று நன்றாகத்தான் பேசினார். அவர் நாற்காலியில், நாங்கள் வரிசையில். அவருக்குக் கொடுத்த பணத்தில் இன்னும் எத்தனை முக்காலி வாங்கியிருக்கலாமோ! சரி, அது உங்கள் பணம்.

ஆள் ஏன் தங்குவதில்லை என்று சூப்பர்வைசர்களிடம் கேட்கிறீர்களாம். போனவர்களிடம் கேட்டிருக்கலாம். கரையைத் தனியாக நெய்து உடலோடு கோத்த கோர்வைக் கரை எது, அப்படிக் கோக்காமல் நெய்த கரை எது என்று தொட்டுச் சொல்ல ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷமாவது ஆகிறது. கற்றுக்கொண்டவள் கால்வலியோடு போய்விடுகிறாள். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் 'போன தடவை எடுத்துக் காட்டிய அக்கா எங்கே' என்று கேட்கும்போது புதுப்பெண் முழிக்கிறாள். நீங்கள் வாசலில் போர்டு மாட்டுகிறீர்கள்.

சம்பள உயர்வு கேட்கவில்லை. முக்காலிகள் எல்லா நாளும் கவுண்டருக்குப் பின்னால் இருக்கட்டும். கூட்டம் இல்லாதபோது உட்கார விடுங்கள். அந்தப் பெண்ணிடம் பிடித்த பணத்தை அடுத்த சம்பளத்தோடு தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளர் வந்தால் நாங்களே எழுந்துவிடுவோம். அதற்குக் கேமரா தேவையில்லை.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவிலிருந்து ஒருத்தி