ஒருவரிடமாவது சொல், மகனே

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உனக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

போனில் நீ சொன்ன இரண்டு விஷயங்கள் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பதில் சொல்ல வாயெடுத்தேன். நீ பேச்சை மாற்றிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதே.

முதலில், "எல்லாம் சரியானதும் சபைக்குப் போகிறேன்" என்றாய். வேலை போயிற்று, கடன் ஏறியிருக்கிறது, தூக்கமும் கெட்டுவிட்டது. "எப்படி இருக்கீங்க பிரதர்" என்று யாராவது கைகொடுத்தால், "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது? அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீ சொல்வது, குளித்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்குவேன் என்பதுபோல் இருக்கிறது.

இயேசுவின் சீஷன் தோமா என்றாலே சந்தேகக்காரன் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருப்பாய். யோவான் 20-ஐ எடுத்து இன்னொரு தடவை படி. இயேசு உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் தோமா மற்றவர்களோடு இல்லை. பிறகு அவர்கள் சொன்னதைக் கேட்டு, விசுவாசிக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். எட்டு நாளைக்குப் பிறகு பார்த்தால், அதே ஆட்களோடு அதே கூட்டத்தில் இருக்கிறான். விசுவாசம் இன்னும் வரவில்லை, ஆள் மட்டும் வந்துவிட்டான். மற்றவர்களும் அவனை வெளியே போகச் சொல்லவில்லை. கர்த்தர் அவனைச் சந்தித்ததும் அந்தப் பூட்டின வீட்டுக்குள், அவர்கள் நடுவில்தான்.

நீ சொன்ன இரண்டாவது விஷயம்தான் என்னை அதிகமாக உறுத்தியது. "இது என் சிலுவைம்மா, நான்தான் சுமக்கணும்." கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு பின்பற்றச் சொன்னவர் இயேசுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொன்னவருடைய சிலுவையையே வழியில் இன்னொருவன் தூக்கினான். சிரேனே ஊரான் சீமோன் தானாக முன்வரவில்லை, பிடித்து அவன்மேல் வைத்தார்கள். இருந்தாலும் சுமந்தான். "விடு, இது என் சிலுவை" என்று இயேசு தடுத்ததாக நான்கு சுவிசேஷத்திலும் இல்லை. முந்தின ராத்திரி கெத்செமனேயில் மூன்று பேரைப் பார்த்து, "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்றார். அவர்கள் தூங்கிப்போனார்கள், சரி. ஆனால் அவர் கேட்டாரே! தேவகுமாரன் கேட்ட உதவியைக் கேட்க உனக்கு என்ன வெட்கம்?

நீ செய்யவேண்டியதும் இருக்கிறது. கலாத்தியர் 6-ல் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று எழுதின பவுலே, மூன்று வசனம் தள்ளி, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறார். வேலைக்கு விண்ணப்பம் போடுவது, கடன் கொடுத்தவர் கூப்பிட்டால் போனை எடுத்துப் பேசுவது, காலையில் வேதத்தைத் திறப்பது, இதெல்லாம் உன் பங்கு. உனக்காக வேறு யாரும் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பயமும் அவமானமும், நடுராத்திரியில் வரும் யோசனைகளும் இருக்கின்றனவே, அவற்றைத் தனியாகச் சுமக்கும்படி உனக்குக் கட்டளை எதுவும் இல்லை.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சொன்னது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் வருவதைக் கவனித்திருக்கிறாயா? பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் தனியாகப் போகிறான். சாகவேண்டும் என்று கேட்டது அதற்குப் பிறகு. கர்த்தர் அவனைத் திட்டவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். ஓரேப் மலையில் பேசி முடிக்கும்போது, பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடங்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றார், அவனுக்குப் பின் தீர்க்கதரிசியாக வரவேண்டிய எலிசாவையும் காட்டினார். தனியாகப் போனவனைத் துணையோடு திருப்பி அனுப்பினார்.

பவுலுக்கும் இதே கதைதான். மக்கெதோனியாவில் புறம்பே போராட்டங்களும் உள்ளே பயங்களும் என்று தவித்துக்கொண்டிருந்தபோது உடன் ஊழியனான தீத்து வந்தான். தேவன் "தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்" என்று எழுதுகிறார். மூன்றாம் வானம் வரை எடுத்துக்கொள்ளப்பட்டவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு மனுஷன் வந்து பக்கத்தில் உட்காருவது.

உனக்குத் தீத்து யார் என்று யோசி. ஞாயிறு ஆராதனையில் எழுந்து எல்லாருக்கும் சொல்லச் சொல்லவில்லை. ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் சபை முழுக்க விஷயம் பரவுவதும் நடக்கிறதுதானே. ஒருவர் போதும். அடுத்தவர் ரகசியத்தை உன்னிடம் கொண்டுவராதவராகப் பார். உன்னிடம் கொண்டுவருகிறவர் உன்னுடையதையும் வெளியே கொண்டுபோவார். வயதில் மூத்தவராக, தானும் ஒரு கஷ்டத்தைக் கடந்து வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. போதகராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொல், என்ன வேண்டும் என்பதையும் சொல். "வாரம் ஒருதடவை என்னோடு உட்கார்ந்து ஜெபிப்பீங்களா?" "எங்காவது வேலை இருந்தால் சொல்வீங்களா?" "இது நமக்குள் இருக்கட்டும்." இப்படிக் கேட்டால்தான் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியும். வெறுமனே "ஜெபிச்சுக்கோங்க" என்றால், அவரும் "கட்டாயம் பிரதர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வாரநாளில் நடக்கும் வீட்டுக்கூட்டத்துக்கும் போ. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரும் யாருக்குப் பின்னாலும் மறைந்துகொள்ளலாம், பத்துப் பன்னிரண்டு பேருக்குள் அது முடியாது. ஜான் வெஸ்லி என்ற போதகர் நடத்திய மெதடிஸ்டு சபையார் இதைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அவர்களுடைய கூடுகை மண்டபத்தின்மேல் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். பலர் ஏழைகளாயிற்றே என்று ஒருவர் கேட்க, மிக ஏழைகளாகப் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றாராம். அப்படிக் காசு வாங்க வீடுவீடாகப் போனவர்களுக்கு, யார் வீட்டில் என்ன சண்டை, யார் தடுமாறுகிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. இத்தனை நாளாக நான் தேடியது இதைத்தான் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். கடன் வசூலில் பிறந்ததுதான் வகுப்புக் கூட்டம் என்ற அவர்களுடைய சிறு குழுக் கூட்டம்! உன் கடனிலிருந்தும் ஆண்டவர் ஏதாவது செய்யக்கூடும் என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

சபையில் எல்லாரும் பக்குவமாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதே. "விசுவாசம் குறைவு, அதான்" என்று ஒருவராவது சொல்வார். யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். கெட்டது அதற்குப் பிறகு. அப்படி ஒருவர் பேசினார் என்பதற்காகச் சபையையே விட்டுவிடாதே. தூக்கமில்லாததற்கு டாக்டரையும் பார். மருந்து வேண்டாம், ஜெபம் போதும் என்று யாராவது சொன்னால், கடைசிவரை பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர் என்று சொல்.

சபைக்குப் போனால் எல்லாம் உடனே தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர் விசுவாசி, அழகான ஞானப்பாட்டுகள் எழுதினவர். 1773-ல் மனம் முற்றிலும் உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தார். அடிமைக் கப்பல் கேப்டனாக இருந்து போதகரான ஜான் நியூட்டன், அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் 1800-ல் சாகும்வரை கூப்பரை விட்டு முழுதாக நீங்கவில்லை. நியூட்டனும் அவரை விடவில்லை. ஒருவரை ஒருவர் சீஷராக்குவது என்றால் என்னவென்று கேட்டால், எத்தனையோ பாடப் புத்தகங்களுக்கு முன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கூப்பருக்கு வந்ததுபோன்ற எண்ணம் உனக்கு எப்போதாவது வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராதே. எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடு, பக்கத்தில் இருப்பவரை எழுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போ. இதைக் கேட்க எனக்குப் பயம் இல்லை. நீயும் சொல்லப் பயப்படாதே.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றாயே, வராவிட்டால் பரவாயில்லை. கொஞ்ச நாள் மற்றவர்கள் ஜெபிக்க நீ ஆமென் சொல். திருவிருந்து எடு. பாட முடியாவிட்டால் பாடுகிறவர்கள் பக்கத்தில் நில்.

அப்பா இதைப் படித்துவிட்டு, "கடிதம் எழுதச் சொன்னால் பிரசங்கம் பண்ணியிருக்கிறாய்" என்கிறார். அவரும் கீழே ஒருவரி எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த தடவை போனில், யாரிடம் சொன்னாய் என்று கேட்பேன். பெயரை மட்டும் சொல். என்ன பேசினாய் என்று கேட்கமாட்டேன், அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா